குதிரை லாயமும் பிரபுவின் மறுபிறப்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு குதிரை லாயத்தைப் பற்றியதாகும். "மனிதன் குடியிருக்க நல்ல வீடில்லாதபோது குதிரை குடியிருந்த வீட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பு நியாயமானதேயாகும். நாமும் அதே நினைப்போடுதான் இந்த விஷயத்துக்குள் புகுகிறோம். மனிதனுக்கு வீடில்லாத காலத்தில் குதிரைக்கு மாத்திரம் அரண்மனை எப்படி வந்தது? அந்த அரண்மனையைப் பற்றி ஊரார் சொல்லும் கதை நம்பத்தக்கதா? அதை இடிக்கக் கூடாது என்று இன்று ஒரு சர்க்கார் சட்டம் போட்டுக் காப்பாற்றுவது எதற்காக? இந்த மூன்று கேள்விகளுக்கும் நம் புத்திக்கு எட்டியவரை விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

கட்டடம் எப்படிப்பட்டது?

பிரான்ஸ் தேசத்தில் பாரிஸ் பட்டணத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஷாந்தியி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய அரண்மனையும், ஒரு பெரிய காடும், குதிரைப் பந்தய மைதானமும் இருக்கின்றன. மைதானத்தின் ஓரத்தில் ஒரு நீண்ட கல் கட்டடம் நிற்கிறது. அதன் நீளம் 186 மீட்டர். அதாவது 600 அடிக்கு மேல். நடுவில் ஒரு கும்மட்டம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சுமார் 28 மீட்டர் உயரம். வாசலிலும் சுவர்களிலும் குதிரை உருவங்களும் வேட்டைச் சித்திரங்களும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. முதன்முதல் பார்க்கிறவன் அதுதான் அரண்மனை என்று நினைத்துக்கொள்வான். ஆனால் அது அரண்மனையல்ல, குதிரை லாயம். 240 குதிரைகளும் நூற்றைத் தாண்டிய வேட்டை நாய்களும் இருப்பதற்காகக் கட்டப்பட்டது. நாய்களுக்கென்று தனி முற்றம், வண்டிகளுக்கென்று தனி இடம், குதிரை பழக்குவதற்கென்று வட்டமான திறந்த களம் எல்லாம் அதிலே உண்டு. கும்மட்டத்தின் அடியில் பிரபுக்கள் விருந்தும் நடத்தியிருக்கிறார்கள்.

இதைக் கட்டச் சொன்னவர் கோந்தே வம்சத்து இளவரசரும் பூர்போன் பிரபுவுமான லூயி ஹென்றி என்பவர். 1692-ல் பிறந்து 1740-ல் இறந்தவர். அரச குடும்பத்து இரத்த சம்பந்தம் உள்ளவர். கட்டிய சிற்பி ழான் ஓபேர் என்பவர். வேலை தொடங்கியது 1719-ம் வருஷம்; முடிந்தது 1735-ம் வருஷம். ஆக 16 வருஷ வேலை. இந்த வருஷங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். பின்னால் அவைதாம் நமக்குச் சாட்சி சொல்லப் போகின்றன.

ஊரார் சொல்லும் கதை

இவ்வளவு பெரிய லாயத்தை ஒரு மனிதன் ஏன் கட்டினான் என்று கேட்டால், அங்கே ஒரு கதை சொல்லுகிறார்கள். அந்தப் பிரபு தாம் செத்தபிறகு குதிரையாக மறுபிறப்பு எடுக்கப்போவதாக நம்பினாராம். ஆகவே அடுத்த ஜன்மத்தில் தம் அந்தஸ்துக்குத் தக்க இருப்பிடம் வேண்டுமென்று முன்கூட்டியே கட்டிவைத்துக்கொண்டாராம். பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுகிறார்கள், புத்தகங்களிலும் எழுதுகிறார்கள். கேட்கிறவர்களும் சிரித்துவிட்டு, நம்பிக்கொண்டு போகிறார்கள்.

தோழர்களே! இந்தக் கதையைக் கொஞ்சம் உரைத்துப் பார்ப்போம். முதலாவது, "சொல்லுகிறார்கள்" என்பது ருஜுவாகாது. கதையைச் சொல்லுகிறவர்களே "ஐதீகம்" என்றும், "சொல்லப்படுகிறது" என்றுந்தான் சொல்லுகிறார்களே தவிர, பிரபு எழுதிவைத்த கடிதம் இது, உயில் இது என்று எடுத்துக் காட்டுகிறார்களில்லை.

இரண்டாவது, அவர் கத்தோலிக்க மதத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த மதத்தில் மறுபிறப்புக்கு இடமில்லை. செத்தால் மோட்சம் அல்லது நரகம், இடையில் சுத்திகரிப்பு ஸ்தலம் என்பதுதான் அவர்கள் ஏற்பாடு. அந்தக் காலத்தில் ராஜ்யத்தின் முதல் வரிசைப் பிரபு ஒருவர் தம் மதத்துக்கு விரோதமான நம்பிக்கையைக் கல்லிலே கட்டிக் காட்டியிருந்தால் பாதிரிமார்கள் சும்மா இருந்திருப்பார்களா?

மூன்றாவது, கதையின் படியே பார்த்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. குதிரையாகப் பிறப்பதென்றே வைத்துக்கொள்வோம். தம் லாயத்திலேயே பிறப்போம் என்று அவருக்கு யார் உத்தரவாதம் கொடுத்தது? உழவன் வீட்டு ஏர்க் குதிரையாகவோ, செங்கல் இழுக்கும் வண்டிக் குதிரையாகவோ பிறந்தால் என்ன செய்வது? மெய்யாகவே பயந்தவராயிருந்தால், "நாட்டிலுள்ள எந்தக் குதிரையையும் சவுக்கால் அடிக்கக் கூடாது, வயிற்றுக்குக் குறைவாகப் போடக் கூடாது" என்று ஒரு சட்டம் கொண்டுவந்திருக்க வேண்டும். அது அவரால் முடியாத காரியமும் அல்ல. 1723 டிசம்பர் முதல் 1726 ஜூன் வரை அவர்தாம் பிரான்சின் முதல் மந்திரி. ராஜாவோ அவர் பதவிக்கு வந்தபோது 13 வயதுப் பையன். வண்டிக் குதிரைகளுக்கு அவர் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. தம் குதிரைகளுக்கு மாத்திரம் மாளிகை கட்டினார். ஆகவே இது மறுபிறப்பில் வைத்த நம்பிக்கை அல்ல. இந்தப் பிறப்பில் வைத்த பெருமைதான் என்பது விளங்கவில்லையா?

இந்த இடத்தில் நம் நாட்டு விஷயம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பிரெஞ்சுப் பிரபு குதிரையாகப் பிறப்பான் என்று சொன்னவுடன் நாம் எல்லோரும் சிரித்தோம். ஆனால் நம் ஊரில் ஒருவன், "போன ஜன்மத்துப் பாவத்தால் இவன் கீழ்ஜாதியில் பிறந்தான், புண்ணியத்தால் அவன் மேல்ஜாதியில் பிறந்தான்" என்று சொன்னால் எத்தனை பேர் சிரிக்கிறோம்? தலையை அல்லவா ஆட்டுகிறோம்? இரண்டுக்கும் சரக்கு ஒன்றுதானே! அங்கே அந்தச் சரக்கு ஒரு வேடிக்கைக் கதையோடு நின்றுவிட்டது. இங்கே அது கோடிக்கணக்கான மக்களின் தலையெழுத்து என்று சொல்லப்பட்டுவிட்டது. அந்தக் கதை யாருக்கு உபயோகப்படுகிறது என்று பார்த்தால், இரண்டு இடத்திலும் பதில் ஒன்றே. லாயம் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியவனை, "அடுத்த ஜன்மம்" என்று சொல்லி வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

பணம் எங்கிருந்து வந்தது?

ஆகவே அந்தக் கேள்வியையே நாம் இப்போது கேட்போம். 14-வது லூயி ராஜா 1715-ல் செத்தபோது பிரான்சு தேசம் யுத்தக் கடனில் மூழ்கிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் ஸ்காட்லாந்து தேசத்து ஜான் லா என்பவர் வந்து, பொன்னுக்குப் பதில் காகித நோட்டு அச்சடித்தால் கஷ்டம் தீரும் என்று சொல்லி 1716-ல் ஒரு பாங்கி வைத்தார். 1717-ல் அமெரிக்காவிலுள்ள மிசிசிப்பி நதிப் பிரதேசத்து வியாபாரத்துக்கென்று ஒரு கம்பெனியும் ஏற்படுத்தினார். 500 லீவர் என்று விலை போட்டு விற்ற பங்கு, 1719 முடிவதற்குள் 10,000 லீவர் அளவுக்கு ஏறிவிட்டது. வியாபாரத்தில் லாபம் வந்து ஏறவில்லை. ஏறும் என்ற ஆசையிலேயே ஏறிற்று. 1720-ல் எல்லாம் சரிந்தது. காகிதத்தைச் சில்லறையாக மாற்ற வேண்டுமென்று பாங்கி வாசலில் முண்டியடித்த ஏழை ஜனங்களில் பலர் அவ்வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி நெரிசலில் நசுங்கிச் செத்தார்கள்.

ஆனால் எல்லோரும் நஷ்டமடையவில்லை. உள் விஷயம் தெரிந்த பெரிய மனிதர்கள் தக்க சமயத்தில் காகிதத்தைப் பொன்னாகவும் நிலமாகவும் மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றிக்கொண்டு பெருஞ்செல்வம் சேர்த்தவர்களில் நம் லாயத்துப் பிரபு முன்வரிசையில் நின்றவர். இப்போது வருஷத்தை நினைத்துப் பாருங்கள். பங்கு விலை ஆகாயத்துக்கு ஏறியது 1719-ல். லாயத்துக்கு வேலை தொடங்கியதும் 1719-ல். மறுபிறப்பு ரகசியம் எதிலே இருக்கிறது? பங்குச் சந்தைக் கணக்கிலே இருக்கிறது. பாங்கி வாசலில் நசுங்கிச் செத்தவனுக்கு அடுத்த ஜன்மத்தில் என்ன பிறவி என்று ஒருவரும் கதை கட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தபடியாக, அவ்வளவு குதிரை எதற்கு? வேட்டைக்கு. அந்தக் காலத்தில் மான், முயல், பன்றி முதலியவைகளை வேட்டையாடுவது பிரபுக்களுக்கு மாத்திரம் உரிய பாத்தியதை. குடியானவன் விதைத்த நிலத்தில் மான் புகுந்து மேய்ந்தால் அவன் அதைக் கொல்லக் கூடாது, கொன்றால் கடுந்தண்டனை. பிரபுவின் புறா வந்து விதையைப் பொறுக்கினாலும் அவன் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். வேட்டைக் கூட்டமோ பயிரை மிதித்துக்கொண்டு போகும். இந்த வேட்டைப் பித்தினால் அந்தப் பிரபுவுக்கே ஒரு கண் போயிற்று. 1712-ல் வேட்டையின்போது இன்னொரு பிரபு சுட்ட ரவை பட்டு ஒரு கண் குருடாகிவிட்டது. அப்படியும் ஆசை தீரவில்லை. அதற்கப்புறந்தான் 240 குதிரைக்கு லாயம் எழும்பிற்று.

மூன்றாவது காரணம் அந்தஸ்து. ராஜா வந்து பார்த்து வியக்க வேண்டும். மற்றப் பிரபுக்கள் பொறாமைப்பட வேண்டும். நம் ஊர் ஜமீன்தாரர்கள் கல்யாணப் பந்தலுக்குச் செலவு செய்ததும், மடாதிபதிகள் பல்லக்கேறிப் பட்டணப்பிரவேசம் வந்ததும் எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும். ஆக பங்குச்சந்தைப் பணம், வேட்டைப் பாத்தியதை, அந்தஸ்துப் போட்டி ஆகிய இம்மூன்றும் சேர்ந்து அந்த லாயத்தைக் கட்டின. மூன்றும் இவ்வுலகத்துக் காரணங்கள். நான்காவதாக மேலுலகத்திலிருந்து ஒரு காரணத்தை இரவல் வாங்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

கணக்கில் வராதவர்கள்

கல்லில் குதிரையைச் செதுக்கிவைத்தார்கள், நாயையும் செதுக்கிவைத்தார்கள். அந்தக் குதிரைகளைக் காப்பாற்றின மனிதர்களை எங்கே செதுக்கிவைத்தார்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல ஆகிருதியுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ தீனி தின்னும். சுமார் 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். சுமார் 20 கிலோ லத்தி போடும். 240 குதிரைக்கு நாளொன்றுக்கு 2,400 கிலோ தீனி. 7,200 லிட்டர் தண்ணீர். 4,800 கிலோ லத்தி. இத்தனை புல்லை அறுத்து உலர்த்தி வண்டியேற்றிக் கொண்டுவந்து போட வேண்டும். இத்தனை லத்தியையும் மனிதன் கையால் அள்ளி வெளியேற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று குதிரை லத்தி போடாமல் இருக்காது. விடியுமுன் எழுந்து தேய்ப்பவன், லாடம் கட்டுகிறவன், சேணம் தைக்கிறவன், நாய்க்குச் சோறு சமைக்கிறவன், இரவில் விளக்கோடு காவல் கிடப்பவன் என்று எத்தனையோ பேருடைய உழைப்பினால்தான் கும்மட்டத்தின் கீழ் விருந்து நாற்றமில்லாமல் நடந்தது. அந்த லாயத்தைச் சரித்திரச் சின்னம் என்று சொல்லுவதாயிருந்தால், இவர்களுடைய சரித்திரமும் சேர்ந்தால்தான் அது முழுச் சரித்திரமாகும்.

வதந்திக்கும் அதே தராசு

இங்கே நாம் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பிரபு முதல் மந்திரியாயிருந்த 1725-ம் வருஷம் ஓயாத மழையினால் விளைச்சல் கெட்டு, பாரிஸில் ரொட்டி விலை ஏறிப்போய், ஜனங்கள் கலகம் செய்தார்கள். அப்போது, "பிரபுவும் அவருடைய வைப்பாட்டி பிரீ சீமாட்டியும் தானியத்தைப் பதுக்கி விலையேற்றுகிறார்கள்" என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. நமக்கு அந்தப் பிரபுவிடத்தில் பிரியம் ஒன்றுமில்லை. அதற்காக இந்தப் பேச்சை ருஜுவில்லாமல் நாம் நம்பிவிடலாமா? கூடாது. மறுபிறப்புக் கதைக்கு அத்தாட்சி கேட்ட அதே வாயால் இதற்கும் அத்தாட்சி கேட்க வேண்டும். நமக்கு இஷ்டமில்லாத பொய்யை மறுப்பது சுலபம். நமக்கு இஷ்டமான பொய்யை மறுப்பதில்தான் பகுத்தறிவு இருக்கிறது. அதே 1725-ல் எல்லோருடைய வருமானத்திலும் ஐம்பதில் ஒரு பங்கு வரி என்று அவர் சர்க்கார் போட்டது. அது பிரபுக்களையும் பாதிரிகளையும் கூட விடவில்லை. அதனால் அவர்களும் எதிர்த்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். குற்றம் சாட்டுவதற்கு மெய்யே போதுமானதாயிருக்கும்போது பொய்யை ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்?

அரண்மனை போயிற்று, லாயம் நின்றது

இனி 1789-க்கு வருவோம். அவ்வருஷம் ஜூலை 14-ந் தேதி பாஸ்டீல் சிறை விழுந்தது. மூன்றே நாளில், 17-ந் தேதி, லாயம் கட்டினவரின் மகனான கோந்தே இளவரசர் மூட்டை கட்டிக்கொண்டு தேசத்தை விட்டே ஓடினார். ஆகஸ்டு 4-ந் தேதி இரவு கூடிய சபை பிரபுக்களின் விசேஷ பாத்தியதைகளை எடுத்துவிட முடிவு செய்தது. அவற்றில் வேட்டைப் பாத்தியதையும் ஒன்று. புறாக்கூட்டுப் பாத்தியதையும் ஒன்று. ஷாந்தியி சொத்து பறிமுதலாயிற்று. அரண்மனை கொஞ்ச காலம் சிறைச்சாலையாக இருந்தது. பிறகு 1799-ல் பெரிய அரண்மனையைக் கல்லுக்கும் மரத்துக்குமாக விற்று இடித்துவிட்டார்கள்.

ஆனால் லாயம் இடிபடவில்லை. ஏன்? ஏதாவது தெய்வம் காப்பாற்றிற்றா? இல்லை. குடியரசுப் பட்டாளத்துக்குக் குதிரை கட்ட இடம் வேண்டியிருந்தது; அதற்கு இந்த லாயம் உபயோகப்பட்டது. அவ்வளவுதான் சங்கதி. பிரபு குடியிருந்த மாளிகையை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. குதிரை குடியிருந்த மாளிகை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. பிரயோஜனமுள்ளது நிற்கும், பிரயோஜனமற்றது விழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு யோசனை யாருடையது?

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிற பேச்சு பிரபுக்களின் பேச்சு, வைதீகர்களின் பேச்சு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் நடுவிலே, 1794-ல், கிரெகுவார் என்பவர் ஜனப்பிரதிநிதி சபைக்கு மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். யூதர்களுக்கும் நீக்ரோக்களுக்கும் சம உரிமை வேண்டுமென்று போராடினவர். கலைப்பொருள்களையும் கட்டடங்களையும் அர்த்தமில்லாமல் உடைப்பதற்கு "வாண்டலிசம்" என்று பெயர் வைத்தவர் அவரே. அவருடைய வாதத்தின் கருத்து என்னவென்றால், ராஜாவும் பிரபுவும் கட்டினதாகச் சொல்லப்படுவதெல்லாம் உண்மையில் ஜனங்களின் பணமும் ஜனங்களின் உழைப்புமாகும். ஆகவே இப்போது அது ஜனங்களின் சொத்து. தன் சொத்தைத் தானே உடைப்பவன் புத்திசாலி அல்ல என்பதாகும். இதில் நாம் மறுக்கக்கூடியது என்ன இருக்கிறது?

அந்த யோசனை மெள்ள மெள்ளச் சட்டமாயிற்று. 1830-ல் சரித்திரச் சின்னங்களைப் பார்வையிட ஓர் உத்தியோகஸ்தர் ஏற்பட்டார். 1834-ல் அந்த வேலைக்குக் கதாசிரியர் மெரிமே வந்து ஊர் ஊராய்ச் சுற்றினார். 1840-ல் முதல் ஜாபிதா வெளிவந்தது. 1887-ல் முதல் சட்டம். 1913 டிசம்பர் 31-ந் தேதியிட்ட சட்டந்தான் உறுதியான சட்டம். அதன்படி, சரித்திரத்தையோ கலையையோ முன்னிட்டுப் பொது நன்மைக்குரியது என்று ஒரு கட்டடத்தை ஜாபிதாவில் சேர்த்துவிட்டால், சர்க்கார் அனுமதியின்றி அதை இடிக்கவோ, பெயர்க்கவோ, மாற்றவோ, பழுது பார்க்கவோகூட முடியாது. சொந்தக்காரன் சம்மதிக்காவிட்டாலும் ஜாபிதாவில் சேர்க்கலாம். 1943-ல் இன்னும் ஒரு படி போய், சுற்றிலும் 500 மீட்டருக்குள் கண்ணுக்குப்படும்படி கட்டும் கட்டடங்களுக்கும் கட்டுப்பாடு ஏற்பட்டது. "என் சொத்து, நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. சொத்துரிமைக்கு மேலே பொதுவுரிமை என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் என்கிற முறையில் இதை நாம் கவனிக்க வேண்டும்.

ஷாந்தியி லாயத்தின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். பறிமுதலான சொத்து ராஜாக்கள் திரும்பிவந்த 1815-க்குப் பின் பழைய வம்சத்துக்கே போயிற்று. 1830-ல் கடைசி கோந்தே இளவரசர் இறக்க, 8 வயதுப் பையனான ஓமால் பிரபுவுக்குச் சொத்து சேர்ந்தது. 1834-ல் லாயத்துக்கு முன்னேயுள்ள புல்வெளியில் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. ஓமால் பிரபு பிற்காலத்தில் அரண்மனையைத் திரும்பக் கட்டினார். அவருக்கு வாரிசாகப் பிள்ளைகள் மிஞ்சவில்லை. 1886-ல் தோட்டம், அரண்மனை, லாயம், படங்கள், புத்தகங்கள் யாவற்றையும் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் என்னும் வித்வத் சபைக்கு எழுதிவைத்தார். அவர் 1897-ல் இறந்தார். 1898-ல் அரண்மனை பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1982-ல் ஈவ் பியெனெமே என்கிற குதிரையேற்ற ஆசிரியர் அந்த லாயத்தில் உயிருள்ள குதிரைகளையே கட்டி, பார்க்க வருகிறவர்களுக்குக் குதிரை வித்தையைக் கற்பிக்கும் காட்சிசாலை வைத்தார். 1988-ல் ஷாந்தியி சொத்து சரித்திரச் சின்னமாகச் சட்டப்படி பாதுகாப்புப் பெற்றது. 2005-ல் பராமரிப்புக்கென்று ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டது. 2013-ல் காட்சிசாலை புதுப்பித்துத் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே குதிரைகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் பிரபுவின் விருந்தாளிகள் மாத்திரம் நுழைந்த வாசலில், இன்று சீட்டு வாங்கினவர் எவரும் நுழையலாம்.

எதைக் காப்பாற்றுவது?

தோழர்களே! இத்தனையும் சொன்னது எதற்காக? பழைய கட்டடங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சி இருக்கின்றன. "அக்கிரமக்காரன் கட்டியது, இடித்துத் தள்ளு" என்பது ஒரு கட்சி. "முன்னோர் கட்டியது, கையெடுத்துக் கும்பிடு" என்பது மற்றொரு கட்சி. நாம் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ஒரு கொலை வழக்கில் அகப்பட்ட கத்தியைப் போலீசார் என்ன செய்கிறார்கள்? அக்கிரமக் கத்தி என்று உலையில் போட்டு உருக்குகிறார்களா? அல்லது பொட்டு வைத்துப் பூசை செய்கிறார்களா? இரண்டுமில்லை. சீட்டுக் கட்டிச் சாட்சியாகப் பத்திரப்படுத்துகிறார்கள். பழைய கட்டடமும் அப்படிப்பட்ட சாட்சிதான். அதை இடித்துவிட்டால் நாளைக்கு ஒருவன் வந்து, "அப்படியொரு அநியாயம் நடக்கவே இல்லை, எல்லோரும் சுகமாக இருந்தார்கள்" என்று சொன்னால் எதைக் காட்டி மறுப்போம்? 186 மீட்டர் நீளமுள்ள சாட்சி அங்கே நிற்கிறவரை, மனிதனைவிடக் குதிரை உயர்வாக வைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை எவனும் மறுக்க முடியாது.

ஆனால் கத்தியின் மேல் கட்டின சீட்டில் பொய் எழுதியிருந்தால் அந்தச் சாட்சியால் என்ன பிரயோஜனம்? இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. கல்லைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. கல்லில் ஒரு மூலை பெயர்ந்தால் தண்டனை இருக்கிறது. ஆனால் கல்லின் வரலாறு பெயர்ந்து போய், அந்த இடத்தில் மறுபிறப்புக் கதை உட்கார்ந்துகொண்டால் கேட்பாரில்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியது சர்க்கார் அல்ல. பார்க்கப் போகிற நாம்தான். ஆகவே எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? இதில் உழைத்தவன் யார், அவன் எங்கே படுத்தான்? இது இதுவரை இடியாமல் நிற்கக் காரணம் என்ன? இதைப் பற்றிச் சொல்லும் கதைக்கு ருஜு என்ன? வழிகாட்டுகிறவன் பதில் சொல்லத் திணறினாலும் பரவாயில்லை. கேள்வி கேட்கிறவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த தடவை தெரிந்துகொண்டு வந்து சொல்லுவான்.

நீங்கள் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே கோட்டை இருக்கிறது, சத்திரம் இருக்கிறது, கோவில் மண்டபம் இருக்கிறது, ஜமீன் அரண்மனை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும், ராத்திரியில் பூதம் கட்டிற்று, தேவன் கனவில் வந்து சொன்னான் என்று ஒரு கதையும் இருக்கிறது. பூதம் கட்டியிருந்தால் கூலி கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பதை மாத்திரம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையை யார் கட்டியிருப்பார்கள் என்பது விளங்கிவிடும். கல்வெட்டு இருந்தால் படியுங்கள். படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிவந்து படிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு பூசி மறைக்கிறவனைத் தடுங்கள். இடிக்க வருகிறவனையும் தடுங்கள். கும்பிட வருகிறவனிடம் கேள்வி கேளுங்கள்.

அந்தப் பிரபு குதிரையாகப் பிறந்தாரா இல்லையா என்பது நமக்கு அக்கறையில்லாத விஷயம். அவர் செத்து 280 வருஷங்களுக்கு மேலாகிறது. லத்தி அள்ளினவனும் செத்துப்போனான். இருவரில் ஒருவருக்கு மாத்திரம் கும்மட்டமும் கதையும் மிஞ்சியிருக்கின்றன. மற்றவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவனுக்கு மறுபிறப்பு என்று ஒன்று உண்டானால், அது நாம் அவனை நினைத்துக் கேட்கும் கேள்வியில்தான் உண்டு. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று நம்பி முடித்துக்கொள்ளுகிறோம்.